செல்போன் ஸ்டார்ட்டர் போர்டைப் படிக்க எந்த டீபக் புரோப் வாங்கலாம்? டெல்டா ரிப்பேர் கடைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், பம்புசெட் தண்ணீரை நம்பிக் குறுவை நாற்று விடுகிறவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராத்திரியில் வயலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்த அவர்கள் செல்போன் ஸ்டார்ட்டரைத்தான் நம்புகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராமை ஓட்டும் சின்ன சிப்), ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் போடும் பகுதி), இரண்டு மூன்று ரிலே இருக்கும். ரிலே போனால் மாற்றலாம், டிரான்சிஸ்டர் போனால் மாற்றலாம். மைக்ரோகண்ட்ரோலர் போனால் மட்டும் போர்டே குப்பைக்குப் போகிறது. அதே சிப் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தாலும் உள்ளே இருந்த புரோகிராம் கிடைக்காது. தயாரித்த கம்பெனி மாடலை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது.

சிப்புக்குள் இருப்பதைப் படிக்க, ஓடுவதை நிறுத்திப் பார்க்க உதவும் கருவிதான் டீபக் புரோப். இரண்டு மூன்று ஒயர் சிப்புக்கு, ஒரு யூஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்கு. ஐநூறு ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது, ஐம்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. எது நல்ல புரோப் என்று விலைப்பட்டியலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் தங்கள் போர்டில் வேலை செய்யாத ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். என்ன சிப், அதற்கு மின்சாரம் எப்படி வருகிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகே காசை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

எடைத் தராசையும் மின் மீட்டரையும் இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். தராசு 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் முத்திரையிடப்பட்டது. மீட்டரில் கைவைப்பது 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின்திருட்டுக் குற்றம். நெல் எடை போடும் தராசின் உள்ளே பார்க்க ஆசையாக இருக்கலாம். விவசாயியின் கூலி அந்த எண்ணில் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

மற்ற போர்டுகளுக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தின் (காப்பிரைட்) 52-வது பிரிவு ஓரளவு இடம் தருகிறது. புரோகிராமைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், வேறொரு புரோகிராம் அதோடு இசைந்து இயங்கத் தேவையான தகவலை எடுக்கலாம், கெட்டுப்போனால் பயன்படுத்த ஒரு காப்பு நகல் வைக்கலாம். ஒரு போர்டிலிருந்து எடுத்ததைப் பத்துப் போர்டில் எழுதி விற்பது இதற்குள் வராது. ஆகவே வாடிக்கையாளரின் போர்டு உயிரோடு இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு நகல் எடுத்து, அவர் பெயரில் வைத்து, அவர் போர்டுக்கே திருப்பி எழுதுங்கள்.

படி 2: சிப்பை அடையாளம் காணுங்கள்

சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்து தெரிந்தால் வேலை சுலபம். எஸ்டிஎம்32, எஸ்டிஎம்8, பிக், ஏடிமெகா, நுவோட்டான், எஸ்டிசி ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். பூச்சு மறைத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் இருந்த போர்டாக இருந்தால் முதலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் அரிப்பைச் சுத்தம் செய்யுங்கள். அரித்த கால்களில் புரோப் பிடிக்காததைச் சிப்பின் கோளாறு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

எழுத்தைச் சுரண்டி அழித்திருந்தால் கால்களைப் படிக்க வேண்டும். மலிவான போர்டுகளில் 20 கால் உள்ள சிறிய சிப் அடிக்கடி வரும். மல்டிமீட்டரில் 7-ம் கால் கிரவுண்டு, 9-ம் கால் பாசிட்டிவ் என்று வந்தால் அது எஸ்டிஎம்8எஸ்003 அல்லது நுவோட்டான் என்76இ003 ஆக இருக்கலாம். இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும்படி செய்தவை. 8-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் மட்டும் போனால் எஸ்டிஎம்8, ஏனென்றால் அதன் உள் ரெகுலேட்டருக்கு அந்த கெப்பாசிட்டர் கட்டாயம். 15-ம் கால் கிரவுண்டும் 16-ம் கால் பாசிட்டிவுமாக இருந்தால் எஸ்டிஎம்32எஃப்030-ஐச் சந்தேகிக்கலாம். அதில் 19, 20-ம் கால்களில்தான் டீபக் ஒயர்கள் சேர வேண்டும்.

சிப் பக்கத்தில் 25 என்று ஆரம்பிக்கும் எட்டுக் கால் மெமரி தனியாக இருந்து, மெயின் சிப் இஎஸ்பி8266 போல இருந்தால் டீபக் புரோப்பே தேவையில்லை. சாதாரண யூஎஸ்பி-யூஆர்ட் கேபிளும் இஎஸ்பிடூல் என்ற மென்பொருளும் போதும்.

படி 3: மின்சாரம் எப்படி வருகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் உயிர் போகலாம்.

விலை குறைந்த போர்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. எக்ஸ்2 என்று அச்சிட்ட ஒரு பெரிய செவ்வக கெப்பாசிட்டர் மெயின் லைனில் தொடராக இருக்கும், அதன் பின்னால் ஜீனர் டையோடு. அப்படிப்பட்ட போர்டில் சிப்பின் கிரவுண்டு என்பது மெயின் லைனே. மூன்று பேஸ் ஸ்டார்ட்டரில் 415 வோல்ட் அருகில் ஓடுகிறது. அந்தக் கிரவுண்டில் புரோப்பை மாட்டி லேப்டாப்பில் சொருகினால் லேப்டாப்பின் உடல் முழுவதும் அந்த மின்சாரம் வந்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டால் போதும் என்பது தவறு. அப்போதும் கைபடும் இடத்தில் ஷாக் இருக்கும்.

சோதிப்பது இப்படி. போர்டை முழுவதும் கழற்றி, கெப்பாசிட்டர்கள் இறங்கிய பிறகு, சிப்பின் கிரவுண்டுக்கும் ஒவ்வொரு பேஸ், நியூட்ரல் முனைக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். எங்காவது கண்டினியூட்டி அல்லது குறைந்த ஓம் காட்டினால் அது மெயின் லைனிலிருந்து தனிமைப்படுத்தப்படாத போர்டு. ஆனால் மீட்டர் எதுவும் காட்டவில்லை என்பது மட்டும் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. டையோடு வழியாகவும் இணைப்பு இருக்கலாம், ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

நல்ல விஷயம், புரோகிராமைப் படிக்க மெயின் மின்சாரம் தேவையே இல்லை. எல்லா லைனையும் கழற்றிவிட்டு, சிப்பின் பாசிட்டிவுக்கு மட்டும் 3.3 வோல்ட் கொடுத்தால் போதும். கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை இருந்தால் அதிலிருந்து கொடுங்கள். மோட்டார் ஓடும்போதே டீபக் செய்தாக வேண்டும் என்கிறவர்களுக்கு ஏடியுஎம்4160 சிப் உள்ள யூஎஸ்பி ஐசோலேட்டர் இருக்கிறது. ஆனால் ரிப்பேர் கடையில் அந்தத் தேவை வராதபடி வேலையை அமைத்துக்கொள்ளச் சொல்வேன்.

படி 4: ஒயர் எங்கே போக வேண்டும்

தொழிற்சாலையில் புரோகிராம் ஏற்றிய இடம் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும். நான்கு அல்லது ஐந்து துளை வரிசையாக, பின் இல்லாமல் காலியாகத் தெரியும். அதில் கிரவுண்டையும் பாசிட்டிவையும் மீட்டரால் கண்டுபிடித்து, மீதித் துளைகள் சிப்பின் எந்தக் காலுக்குப் போகின்றன என்று கண்டினியூட்டி பாருங்கள்.

எஸ்டிஎம்32 போன்ற ஏஆர்எம் சிப்பில் எஸ்டபிள்யூடி என்ற முறைக்கு இரண்டு ஒயர் போதும், ஒன்று டேட்டா, ஒன்று கிளாக். பழைய ஜேடேக் முறைக்கு நான்கு வேண்டும். எஸ்டிஎம்8-க்கு ஸ்விம் என்ற ஒற்றை ஒயர், 20 கால் சிப்பில் அது 18-ம் கால். எதுவுமே பிடிபடாத பெரிய போர்டில் கால்களைத் தானே தேடும் கருவிகள் உண்டு. ஜேடேகுலேட்டர் அதில் பெயர் பெற்றது, விலை அதிகம். ராஸ்பெர்ரி பை பைகோ என்ற சின்ன போர்டில் ஏற்றும் பிளூடேக் என்ற திறந்த மென்பொருள் அதே தேடலைக் குறைந்த செலவில் செய்கிறது.

படி 5: புரோப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஏஆர்எம் சிப் என்றால் நான் முதலில் சொல்வது ராஸ்பெர்ரி பை பைகோ. 2021-ல் 4 டாலருக்கு வந்த சின்ன போர்டு அது. பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் சொருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். டீபக்புரோப் என்ற அதிகாரப்பூர்வ கோப்பை அதில் போட்டால் புரோப் தயார். அதன் ஜிபி2 கால் கிளாக், ஜிபி3 கால் டேட்டா. கூடவே ஜிபி4, ஜிபி5-ல் ஒரு சீரியல் போர்ட்டும் கிடைக்கிறது, அதன் அருமை கடைசிப் படியில் தெரியும். இது சிஎம்சிஸ்-டேப் என்ற பொது முறையைப் பேசுவதால் ஓப்பன்ஓசிடி, பைஓசிடி, புரோப்-ஆர்எஸ் என்ற மூன்று கம்ப்யூட்டர் மென்பொருளிலும் ஓடும். எந்தக் கம்பெனியின் ஏஆர்எம் சிப் என்று பார்க்காது. சால்டரிங் வேண்டாம், பெட்டியோடு வேண்டும் என்பவர்களுக்கு அதே கம்பெனி 2023-ல் 12 டாலருக்கு டீபக் புரோப் என்ற பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. இரண்டுமே 3.3 வோல்ட்டுக்கு மட்டும். 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் பைகோ போய்விடும். எஸ்டபிள்யூடி மட்டும்தான், ஜேடேக் கிடையாது.

எஸ்டிஎம்8 என்றால் எஸ்டி-லிங்க் வி2 நகலைத் தவிர மலிவான வழி குறைவு. அலுமினிய உறையில் பென்டிரைவ் போல வரும், சில நூறு ரூபாய். எஸ்டிஎம்32, எஸ்டிஎம்8 இரண்டையும் படிக்கும் என்பதால் ஸ்டார்ட்டர் போர்டு அதிகம் வரும் கடைக்கு இது லாபமான பொருள். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, கால் வரிசை நகலுக்கு நகல் மாறும். உறையில் அச்சிட்டதும் உள்ளே போர்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று உறையைத் தள்ளிப் பாருங்கள். பல நகல்களில் ரீசெட் கால் எஸ்டிஎம்8-க்கு மட்டுமே வேலை செய்யும், எஸ்டிஎம்32-க்கு அதை மாட்டினாலும் பயனில்லை. இலக்கு போர்டின் வோல்டேஜையும் இவை அளப்பதில்லை. எஸ்டிஎம்8 போர்டு 5 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தாலும் படிக்கும்போது 3.3 கொடுத்தே படியுங்கள். எஸ்டிஎம்8எஸ் 2.95 முதல் 5.5 வரை ஓடும் சிப், அதற்குக் கவலையில்லை. நன்றாக ஓடும் நகலில் ஃபர்ம்வேர் அப்டேட் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஏடிமெகா என்றால் யூஎஸ்பிஆஸ்ப், அல்லது மேசையில் கிடக்கும் ஆர்டுயினோவே போதும். பிக் என்றால் மைக்ரோசிப்பின் ஸ்னாப், அது உயர் வோல்டேஜ் தருவதில்லை என்பதால் பழைய பிக் சிப்புகள் சிலவற்றுக்குப் பிக்கிட் வேண்டியிருக்கும். நுவோட்டானுக்கு நு-லிங்க். சிஎச்32வி003 என்ற புதிய மலிவான சிப்புக்கு டபிள்யூசிஎச்-லிங்க்இ, கடைசி எழுத்து ‘இ’ இல்லாத பழைய டபிள்யூசிஎச்-லிங்க் அந்தச் சிப்பைப் பேசாது. எல்பிசி2148 போன்ற பழைய ஏஆர்எம்7 போர்டுகளுக்கு ஜேடேக் கட்டாயம், அதற்கு எஃப்டி2232எச் போர்டு ஒன்று.

ஜே-லிங்க் பற்றிப் பலர் கேட்பார்கள். அருமையான கருவி, வேகம் அதிகம். ஆனால் அதன் மலிவான எஜு மாடல் படிப்புக்கு மட்டுமே, வணிக வேலைக்கு அனுமதி இல்லை. காசு வாங்கி ரிப்பேர் செய்வது வணிகம்தான். நகல் ஜே-லிங்க் வாங்கினால் கம்பெனியின் மென்பொருள் அடையாளம் கண்டு மறுக்கும். இரண்டுமே நம் கடைக்குப் பொருந்தாது. நிறைய ஆராய்ச்சி செய்பவர், 1.8 வோல்ட் போர்டும் பார்ப்பவர் என்றால் பிளாக் மேஜிக் புரோப்புக்குச் செலவு செய்யலாம். இலக்கின் வோல்டேஜுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், ஜிடிபி என்ற டீபக் மென்பொருள் நேராக அதோடு பேசும்.

ஆக, என்னிடம் ஒரு கடைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் ஒரு பைகோ, ஒரு எஸ்டி-லிங்க் வி2 நகல், ஒரு யூஎஸ்பிஆஸ்ப் என்பேன். மிச்சக் காசில் 24 மெகாஹெர்ட்ஸ் எட்டு சேனல் லாஜிக் அனலைசர், ஒயரில் ஓடும் சிக்னலைப் பதிவு செய்து காட்டும் கருவி அது. பல்ஸ்வியூ மென்பொருளோடு அது தரும் உதவி, விலை உயர்ந்த புரோப் தருவதைவிட அதிகம்.

படி 6: முதல் இணைப்பு

ஒயர் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். முதலில் கிரவுண்டு, பிறகு டேட்டா, கிளாக், முடிந்தால் ரீசெட். வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கித் தொடங்குங்கள். இணைப்பு வந்ததும் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். எஸ்டிஎம்32எஃப்103 அசல் 1பிஏ01477 என்று சொல்லும். 2பிஏ01477 என்று வந்து ஓப்பன்ஓசிடி சண்டை போட்டால் அது அதே பெயரில் வரும் நகல் சிப். எதிர்பார்க்கும் எண்ணை அமைப்பில் மாற்றினால் தொடரலாம். எஸ்டிஎம்32எஃப்030-க்கு 0பிபி11477.

எண்ணே வரவில்லையா? புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் டீபக் கால்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது சிப் தூக்கத்தில் இருக்கலாம். ரீசெட் காலைக் கிரவுண்டில் பிடித்தபடி இணைப்புக் கட்டளை கொடுத்து, கொடுத்ததும் விடுங்கள். நகல் எஸ்டி-லிங்க் வைத்திருப்பவர்கள் இதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

படி 7: பூட்டு இருக்கிறதா

எதையும் எழுதும் முன், எதையும் அழுத்தும் முன், படிப்புப் பூட்டை, அதாவது உள்ளே இருப்பதை வெளியே படிக்கவிடாத அமைப்பைப் பாருங்கள். எஸ்டிஎம்32எஃப்0 போன்றவற்றில் மூன்று நிலை. நிலை 0 திறந்தது. நிலை 1-ல் புரோப் இணையும், ஆனால் ஃபிளாஷ், அதாவது புரோகிராம் இருக்கும் மெமரி, படிக்க முடியாது. நிலை 2-ல் டீபக் நிரந்தரமாக மூடப்பட்டது. நிலை 1-ஐ 0 ஆக்கினால் சிப் தன் ஃபிளாஷ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் திறக்கும். மென்பொருளில் ‘பூட்டை நீக்கு’ என்ற பட்டன் பக்கத்திலேயே இருக்கும். வாடிக்கையாளரின் ஒரே நல்ல போர்டில் அதை அழுத்தினால் போனது போனதுதான். எஸ்டிஎம்8, ஏடிமெகா, பிக் எல்லாவற்றிலும் இதே வழக்கம்.

நிலை 1 சிப்பில் புரோப் இணைந்த பிறகு போர்டு ஓடாமல் நிற்கும், செத்துவிட்டதோ என்று பயம் வரும். மின்சாரத்தை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள், ஓடும்.

பூட்டை மீறும் ஆராய்ச்சிகள் வெளிவந்திருக்கின்றன. 2017-ல் எஸ்டிஎம்32எஃப்0 வரிசையிலும் 2020-ல் எஃப்1 வரிசையிலும் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஓட்டைகளைக் காட்டினார்கள். ஆனால் அந்த முறைகள் நுணுக்கமானவை. பூட்டை மீறுவது சட்டத்தில் வேறு கேள்விகளையும் கிளப்பும். கடை வேலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் யோசனை. பூட்டிய சிப்புக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

படி 8: நகல் எடுத்துச் சரிபார்ப்பது

எஸ்டிஎம்32-ல் ஃபிளாஷ் ஹெக்ஸ் முகவரி 08000000-ல் ஆரம்பிக்கும், எஸ்டிஎம்8-ல் 8000-ல். அங்கிருந்து சிப்பின் முழு அளவையும் கோப்பாக இறக்குங்கள். உடனே இன்னொரு முறை இறக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் ஒயரைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

எஸ்டிஎம்32 கோப்பு உண்மையானதா என்று ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு பார்வையிலேயே தெரியும். முதல் நான்கு பைட்டைத் திருப்பிப் படித்தால் 20005000 போல 2000-ல் தொடங்கும் ரேம் முகவரி வர வேண்டும். அடுத்த நான்கு 0800-ல் தொடங்கி ஒற்றைப்படையில் முடிய வேண்டும், புரோகிராம் தொடங்கும் இடம் அது. எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் பூஜ்ஜியம் என்றால் காலி சிப், அல்லது பூட்டிய சிப்.

ஃபிளாஷோடு நிறுத்திவிடாதீர்கள். எஸ்டிஎம்8எஸ்003-ல் ஹெக்ஸ் 4000-லிருந்து 128 பைட் ஈப்ராம் (அமைப்புகளைச் சேமிக்கும் சிறு மெமரி) தனியாக இருக்கிறது. பதிவு செய்த செல்நம்பர், டிரைரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) நேரம், ஓவர்லோடு அளவு போன்ற அமைப்புகள் அங்கே இருக்கலாம். அதை எடுக்காமல் புது சிப்பில் ஃபிளாஷை மட்டும் எழுதினால் மோட்டார் தவறான இடத்தில் டிரிப் ஆகும், அல்லது டிரிப்பே ஆகாது. சிப்பின் சொந்த அமைப்புகளான ஆப்ஷன் பைட்டுகளையும் குறித்துவைத்து, கோப்பின் பெயரில் சிப், மாடல், தேதி மூன்றையும் எழுதுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2019-ல் இலவசமாக வெளிவந்த, புரோகிராமைப் பிரித்துக் காட்டும் கிட்ரா என்ற மென்பொருள் இருக்கிறது. ஏஆர்எம் கார்டெக்ஸ், லிட்டில் எண்டியன், ஆரம்ப முகவரி 08000000 என்று கொடுத்தால் போதும். முதலில் எழுத்துச் சரங்களைத் தேடுங்கள். ‘ஏடி’ என்று தொடங்கும் மோடம் கட்டளைகளும் ‘மோட்டார் ஆன்’ போன்ற எஸ்எம்எஸ் வாசகங்களும் கிடைத்தால், அவற்றை யார் அழைக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போய் ரிலே காலைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 9: பூட்டிய போர்டுக்கு

சிப் பேசாவிட்டாலும் ஒயர் பேசும். மைக்ரோகண்ட்ரோலரும் ஜிஎஸ்எம் மாட்யூலும் சீரியல் ஒயரில் திறந்த எழுத்துகளாகத்தான் பேசிக்கொள்கின்றன. பைகோ புரோப்பின் ஜிபி5-ஐ அந்த ஒயரில், கிரவுண்டைக் கிரவுண்டில் மாட்டுங்கள், ஜிபி4-ஐ மாட்டவே வேண்டாம், கேட்பது மட்டும்தான் வேலை. மெயின் லைனைக் கழற்றிவிட்டு பெஞ்ச் சப்ளையில் ஓட்டுங்கள். சிம்800 மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கேற்ற சப்ளை வேண்டும். அந்த மாட்யூலின் சிக்னல் 2.8 வோல்ட், பைகோவுக்குப் பிரச்சினை இல்லை. மைக்ரோகண்ட்ரோலர் அனுப்பும் பக்கத்தைக் கேட்பதானால் அது 5 வோல்ட்டில் ஓடுகிறதா என்று முதலில் அளந்து, அப்படியானால் இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளுங்கள். சீரியல் வேகத்தை 9600-ல் வைத்துக் கேளுங்கள், குப்பை எழுத்து வந்தால் 115200.

ஒரு போன் அழைப்பு கொடுத்து, ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, அப்போது ஓடும் வரிகளைப் பதிவு செய்யுங்கள். எந்த ரிலே எந்தக் காலில், பேஸ் அளக்கும் கால் எது, கரண்ட் அளக்கும் காயில் எங்கே வருகிறது என்று லாஜிக் அனலைசரும் மீட்டரும் வைத்து ஒரு தாளில் வரையுங்கள். அந்தத் தாள் முடிந்தபோது புரோகிராம் இல்லாமலேயே போர்டின் வேலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். அதன் பிறகு நிலை 1 பூட்டு ஒரு தடையே இல்லை. மைக்ரோகண்ட்ரோலர் செத்த போர்டில் அதே சிப்பைப் புதிதாக வைத்தோ, வாடிக்கையாளர் வேண்டாம் என்று கொடுத்துவிட்ட போர்டில் பூட்டை நீக்கி அழித்தோ, நீங்களே எழுதிய புரோகிராமை ஏற்றலாம். ரிலேயை மாட்டும் முன் ஒவ்வொரு ரிலே காலிலும் ஒரு எல்இடியை வைத்து ஸ்டார்ட், ஸ்டாப், ஒரு பேஸ் போனது, தண்ணீர் இல்லாமல் ஓடியது என்று நான்கு நிலையையும் சோதித்துவிட்டு மோட்டாரில் இணையுங்கள்.